லிண்டருக்குத் தமிழில் என்ன? ஞாயிற்றுக்கிழமைக்குள் வேண்டும்

கூழாங்கல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ரொம்ப நாள் கழித்து எழுதுகிறேன், அதுவும் வேலை வாங்கத்தான்.

12ஆம் வகுப்பு தமிழ்வழி மாணவர்களுக்காக நாங்கள் மூன்று பேர் ஒரு குட்டிக் கருவியைப் பராமரித்து வருவது உங்களில் சிலருக்குத் தெரியும். பைத்தான் நிரலைக் கொடுத்தால் எந்த வரியில் என்ன பிழை என்று தமிழில் சொல்லும். அது எதற்கு, பைத்தானே சொல்லுமே என்று கேட்பவர்களுக்காக ஓர் எடுத்துக்காட்டு. எங்கள் ஆய்வகத்தில் இன்னும் பைத்தானின் 3.7 பதிப்புதான் ஓடுகிறது. ஒரு பையன் இப்படி எழுதினான்:

3: மதிப்பெண் = [78, 64, 91
4: மொத்தம் = 0

பகர அடைப்பை மூடவில்லை. அடைப்பு மூடும்வரை வரி முடிந்ததாகவே பைத்தான் எடுத்துக்கொள்ளாது. 91க்குப் பிறகு காற்புள்ளி இல்லாமல் ஒரு பெயர் வந்ததும்தான் அதற்கு உறைக்கும், உடனே 4ஆம் வரியில் பிழை என்று சொல்லிவிடும். 4ஆம் வரியில் ஒரு தவறும் இல்லை. பையன் அதை மூன்று முறை அழித்து அழித்து எழுதினான், முக்கால் மணி நேரம் போச்சு. 2021இல் வந்த 3.10 இதைச் சரிசெய்துவிட்டது, திறந்த அடைப்பையே காட்டி 'இது மூடப்படவே இல்லை' என்கிறது. அது எங்கள் ஆய்வகத்துக்கு வந்து சேரும்வரை எங்கள் கருவிதான் கதி. திறக்கிற ஒவ்வோர் அடைப்பையும் வரி எண்ணோடு ஓர் அடுக்கில் போட்டுவைத்து, மூடும்போது மேலிருந்து எடுத்துவிடுவோம். கடைசியில் அடுக்கில் மிஞ்சுவதுதான் குற்றவாளி.

எங்கள் கருவியின் இந்தப் பதிப்பு, நிரலை ஓடவிடாத தொடரியல் பிழையைத் தாண்டியும் சிலது பார்க்கிறது. பெயர் வைத்துவிட்டுப் பயன்படுத்தாத மாறி, எந்தக் காலத்திலும் ஓடாத வரி, இப்படி. இப்படி நிரலைப் பார்த்துக் குறை சொல்லும் கருவிக்கு ஆங்கிலத்தில் 'லிண்டர்' என்று பெயர், இதுவரை பட்டியிலும் (மெனு) அப்படியே இருந்தது. போன வாரம் ஒரு மாணவி 'சார், லிண்டர்னா சிலிண்டர் மாதிரியா?' என்று கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. திங்கட்கிழமை செய்முறை வகுப்பு. ஞாயிறு இரவுக்குள் ஒரு சொல் கொடுங்கள், புண்ணியமாகப் போகும்.

செந்தமிழ்ப்பித்தன் எழுதியது:

முதலில் லகரம் சொல்லுக்கு முதலில் வராது. எழுதுவதென்றால் 'இலிண்டர்'. அது இன்னும் சிலிண்டருக்குப் பக்கத்தில் போய்விடும் என்பது வேறு.

புதிதாக ஆக்கவே தேவையில்லை ஐயா. நம் இலக்கணத்தின் பாதி இந்த வேலைதான். திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்று ஏழு வழு சொல்கிறது நன்னூல். எண்ணையும் சரத்தையும் (எழுத்துகளின் தொடர்) கூட்டப்பார்த்தால் அது திணை வழு. பெயர் வைத்த பிறகு தொடாத மாறி மரபு வழு. 'குயில் கத்தும்' என்றால் தொடரில் இலக்கணக் கோளாறு இல்லை, ஆனாலும் காது சுளிக்கிறது அல்லவா, அந்த மாதிரி.

அதைவிட அழகு வழுவமைதி. பசுவைப் பார்த்து 'என் அம்மை வந்தாள்' என்பது திணை வழுதான். ஆனால் அன்பினால் சொன்னது, விட்டுவிடு என்கிறார்கள். உங்கள் கருவியில் 'இந்த வரியைக் கண்டுகொள்ளாதே' என்று ஓரத்தில் குறிப்பு எழுதுவீர்களே, அதற்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எந்த மொழியிலாவது உண்டா? ஆகவே கருவி 'வழுவாய்வி', குறிப்பு 'வழுவமைதி'.

சென்னை நிரலர் எழுதியது:

வழுவமைதியை இப்போதே எடுத்துக்கொள்ளுங்கள், அதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. லிண்ட் முதலில் வந்தபோதே அந்த ஏற்பாடு இருந்தது. 1978இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டீபன் ஜான்சன் சி மொழிக்காக எழுதியது அது. 'இந்த இடத்துக்கு ஓட்டம் வந்து சேராது' என்று குறிப்பு எழுதி அதன் வாயை அடைக்கலாம்.

ஆனால் 'வழு' வேண்டாம். மென்பொருள் மொழிபெயர்ப்பில் பல வருடமாக பக்குக்கு, அதாவது நிரலைத் தவறாக நடக்கவைக்கும் கோளாறுக்கு, வழு என்றுதான் போட்டுவருகிறோம், டீபக்கர் வழுநீக்கி. பயன்படாத மாறி பக் இல்லை. நிரல் அதோடேயே பத்து வருடம் சந்தோஷமாக ஓடும். ஜான்சன் அந்தப் பெயர் வைத்ததே சட்டையில் ஒட்டுகிற பஞ்சுத் துணுக்கை நினைத்து. சட்டை கிழியவில்லை, துணுக்கு ஒட்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொன்று, தயவுசெய்து யாரும் 'பிழைசுட்டி' என்று ஆரம்பிக்காதீர்கள். மவுசும் சுட்டி, லிங்க்கும் சுட்டி, சி மொழியின் பாயின்டரும் சுட்டி, என் தங்கை மகனும் சுட்டி.

வடமராட்சி ரீச்சர் எழுதியது:

இந்தியாவில் வழு என்றால் பக்காக இருக்கலாம். எங்கட பாடப் புத்தகங்களில் வழு என்றாலே எல்லாப் பிழையும்தான், புள்ளிவிபரவியலில் நியம வழு என்றுதான் படிப்பிக்கிறோம். நீங்கள் நிரல் என்பதை நாங்கள் செய்நிரல் என்கிறோம். அதனால் இந்தச் சொல்லை வைத்தால் இரண்டு கரையிலும் இரண்டு விளக்கம் கொடுக்க வேண்டி வரும்.

எனக்கு நினைவு வருவது சுளகு. அரிசியைச் சுளகில் போட்டுப் புடைப்பது வேறு, கொழிப்பது வேறு, தெள்ளுவது வேறு. உமி பறப்பது புடைக்கும்போது. கல்லும் குறுநொயும் ஒரு பக்கம் ஒதுங்குவது கொழிக்கும்போது. அம்மம்மாவின் கையைப் பார்த்தால்தான் அந்த வித்தியாசம் தெரியும், மணிக்கட்டு மட்டும் அசையும். 'தெள்ளி' என்று வையுங்கள். தெளிவும் அதற்குள் இருக்கிறது.

செந்தமிழ்ப்பித்தன் எழுதியது:

தெள்ளி நல்ல சொல், மறுக்கவில்லை. ஆனால் அடுக்களைக்குப் போவதென்றால் கீரை ஆய்வதை எப்படி மறந்தோம்? பழுத்த இலை, பூச்சி அரித்த இலை, புல் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்பதற்குப் பெயர் ஆய்தல். ஆராய்ச்சியும் ஆய்வகமும் அந்த வேரில் முளைத்தவைதான். தொல்காப்பிய உரியியல் ஓய்தல், ஆய்தல், நிழத்தல், சாஅய் நான்கும் 'உள்ளதன் நுணுக்கம்' என்கிறது. இருப்பது நுண்ணிதாதல். ஆய்த எழுத்துக்கு அந்தப் பெயர் வந்ததும் அதன் ஒலி நுணுகி ஒலிப்பதால் என்று ஒரு கருத்து உண்டு. அப்படியானால் ஃ என்ற மூன்று புள்ளியையே இந்தக் கருவிக்குச் சின்னமாக வைத்துவிடலாம். நுணுக்கிப் பார்ப்பது என்ற பொருளும்

கூழாங்கல் எழுதியது:

ஐயா, உங்கள் மடல் பாதியில் அறுந்து வந்திருக்கிறது. சின்னம் யோசனை பிடித்திருக்கிறது. பெயர் இன்னும் இல்லை. இன்று வெள்ளி.

சென்னை நிரலர் எழுதியது:

ஆய்தலை வைத்து 'ஆய்வி' என்று போட்டால் அது அனலைசர் ஆகிவிடும். பாகுபடுத்துகிற பார்சர் வேறு, இது வேறு, இரண்டும் ஒரே பட்டியில் வரும். இடிக்கும்.

தெள்ளி, கொழிப்பி எல்லாவற்றிலும் எனக்கு ஒரே குறை. அவையெல்லாம் பிரித்து எடுத்துவிடுகின்றன. கூழாங்கல்லின் கருவி எதையும் எடுப்பதில்லை, கை வைப்பதே இல்லை. 'இங்கே பார்' என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. மாணவன்தான் திருத்த வேண்டும், பாடமே அதுதான். எனவே -நீக்கி, -களைவி, -திருத்தி என்று முடிவது எதுவும் வேண்டாம்.

திருப்பூரான் எழுதியது:

நான் இந்தக் குழுவில் படிப்பதோடு சரி, எழுதியதில்லை. இலக்கணம் தெரியாது, தப்பாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

எங்கள் அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங்கில் பதினெட்டு வருடம் இருந்தார். தையல் முடிந்து வருகிற பீஸில் நூல் அங்கங்கே நீட்டிக்கொண்டிருக்கும், அதற்குப் பிசிறு என்றுதான் பெயர். பிசிறு வெட்டுகிறவர்கள் ஒரு வரிசை, செக்கிங் இன்னொரு வரிசை. செக்கிங்கில் இருப்பவர் கையில் ஊசியும் இருக்காது. டியூப்லைட்டுக்குக் கீழே மேசையில் பீஸை விரித்து, கழுத்து, தோள், கைமடிப்பு, அடிமடிப்பு என்று கையை ஒரே ஒழுங்கில் ஓட்டிக்கொண்டே வருவார்கள். தையல் விட்டிருந்தால், ஓட்டை இருந்தால், எண்ணெய்க் கறை இருந்தால் அந்த இடத்தில் சின்னதாகச் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு அடுத்த பீஸை எடுத்துவிடுவார்கள். திருத்துவது டெய்லர். ஸ்டிக்கர் ஒரு இஞ்சு தள்ளி ஒட்டியிருந்தால் டெய்லர் பீஸையே திருப்பி வீசுவார், 'எங்கக்கா இருக்குது ஓட்டை?' என்று சண்டை வரும். கூழாங்கல் சொன்ன 4ஆம் வரிக் கதை அதுதான் என்று எனக்குப் பட்டது.

நல்லா இருக்கிற பீஸில் சும்மா சும்மா ஸ்டிக்கர் ஒட்டினாலும் பிரச்சினைதான். ரெண்டு நாளில் டெய்லர் ஸ்டிக்கரைப் பார்ப்பதையே விட்டுவிடுவார், பிய்த்துப் போட்டுவிட்டு அப்படியே அனுப்பிவிடுவார்.

ஆகவே 'பிசிறு'. கருவிக்குப் பின்னால் என்ன ஒட்டுவது என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

கூழாங்கல் எழுதியது:

இரண்டு தடவை படித்தேன். சும்மா ஸ்டிக்கர் ஒட்டுவது எங்களுக்கும் நடந்தது. அடைப்பு திறந்திருக்கும்போது ஒரு வரி இடது ஓரத்திலிருந்து பெயரும் சமக்குறியுமாகத் தொடங்கினால் 'முந்தைய அடைப்பை மூடவில்லையோ' என்று சொல்ல விதி எழுதியிருந்தோம். முதல் வாரம் அற்புதம். அப்புறம் ஒரு மாணவி செயற்கூற்றை (ஃபங்ஷன்) அழைக்கும்போது உள்ளே தருகிற மதிப்புகளை வரிக்கு ஒன்றாக, பெயரும் சமக்குறியும் போட்டு, ஓரத்திலேயே எழுதியிருந்தாள். முழுக்கச் சரி. கருவி ஆறு இடத்தில் கத்தியது. இப்போது கடைசிவரை பார்த்து, அடைப்பு எங்கேயும் மூடவில்லை என்றால் மட்டுமே வாயைத் திறக்கிறது. இந்த மாதிரி பொய் எச்சரிக்கைக்கு எங்களுக்குள் 'வீண்பழி' என்று பேசிக்கொள்கிறோம். அதையும் யாராவது மறுக்கப் போகிறீர்களா?

செந்தமிழ்ப்பித்தன் எழுதியது:

வீண்பழி அருமை, மறுப்பவரை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஆனால் பிசிறா, பிசிரா? 'பிசிர்' என்றால் சங்கப் பாட்டில் அலை உடைந்து தெறிக்கும் நீர்த்துளி. பிசிர் என்று ஓர் ஊரும் உண்டு, பிசிராந்தையார் அந்த ஊர்க்காரர். இத்தனை வயதாகியும் ஏன் நரைக்கவில்லை என்று கேட்டவர்களுக்குப் பாட்டாலேயே பதில் சொன்னவர். அலையிலிருந்து பிரிவதும் நூலிலிருந்து பிரிவதும் ஒரே வேராக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது, தோன்றுவது மட்டும்தான்.

நூல் என்று வந்துவிட்டதால் ஒன்று. சொல்லைப் பஞ்சாகவும் பனுவலை இழையாகவும் சொல்கிறது நன்னூல். அடுத்தே, மரத்தின் கோணலைத் தீர்க்கும் நூலைச் சொல்கிறது, தச்சர் சுண்ணமோ கரியோ தடவி இழுத்துத் தெறிக்கும் எற்றுநூல். அது மரத்தை அறுப்பதில்லை, எங்கே கோணல் என்று கோடு மட்டும் போடுகிறது. நிரலர் கேட்டது இதைத்தானே? 'எற்றுநூல்' என்றே வைத்துவிடலாம். பஞ்சும் இருக்கிறது, சுட்டுவதும் இருக்கிறது, எண்ணூறு ஆண்டு இலக்கணமும் இருக்கிறது.

சென்னை நிரலர் எழுதியது:

எற்றுநூல் பிரமாதம் ஐயா, உண்மையாகவே. ஆனால் பட்டியில் எற்றுநூல் என்று பார்க்கிற பிள்ளை அடுத்து 'எற்றுநூல்னா என்ன சார்' என்று கேட்கும். கேள்வி சிலிண்டரிலிருந்து தச்சுப்பட்டறைக்கு நகர்ந்திருக்கும், அவ்வளவே. நரைக்காத ரகசியத்தை மட்டும் தனிமடலில் அனுப்புங்கள், லிண்டர் பராமரிக்கிறவர்களுக்குத் தேவைப்படும்.

ஒரு சந்தேகம், திருப்பூரானுக்கு. பருத்தி வியாபாரத்தில் லின்ட் என்றால் கொட்டை நீக்கிய நல்ல பஞ்சுதானே? அதற்குத்தான் காசே. அப்படியானால் பிசிறு நேர்மாறாகிவிடாதா?

திருப்பூரான் எழுதியது:

ஜின்னிங்கில் அது பஞ்சு, சட்டையில் அது பிசிறு. சட்டையைப் பற்றித்தான் பேசுகிறோம் என்று நினைத்தேன்.

வடமராட்சி ரீச்சர் எழுதியது:

பிசிறு எங்களுக்கும் விளங்கும். பேச்சில் 'பிசிறில்லாமல்' என்று சொல்வதும் உண்டு. தெள்ளியை நான் விட்டுக்கொடுக்கிறேன், மனம் இல்லாமல். பின்னால் '-காட்டி' போடுங்கள். பிசிறுகாட்டி.

செந்தமிழ்ப்பித்தன் எழுதியது:

ககரம் இரட்டிக்காது, அதில் சரி. வழிகாட்டி, கைகாட்டி போல. பிசிறைக் காட்டுவது என்று இரண்டாம் வேற்றுமை விரியும்.

ஆனால் அடைப்பை மூடாதது பிசிறா? அது ஓட்டை. ஓட்டையையும் பிசிறையும் ஒரே பெயரில் அடைப்பதை நான் ஏற்கவில்லை. பதிவுக்காகச் சொல்லிவைக்கிறேன்.

கூழாங்கல் எழுதியது:

ஞாயிறு இரவு பத்தரை. இப்படிப் போட்டிருக்கிறேன்: கருவி பிசிறுகாட்டி. அது சொல்வதில் இரண்டு வகை, நிரலை ஓடவிடாதது 'தொடரியல் பிழை', மற்றது 'பிசிறு'. கண்டுகொள்ளாதே என்பது வழுவமைதி. பொய்யாகச் சொன்னால் வீண்பழி. சின்னம் ஃ. ஐயாவின் ஓட்டை ஆட்சேபம் உதவிப்பக்கத்தில் ஒரு வரியாக இருக்கிறது.

கோப்பைச் சேமித்து ஓட்டினேன். பிசிறுகாட்டி என்ற சொல்லுக்குப் பின் மேற்கோள்குறியை மூட மறந்திருக்கிறேன். கருவி அடுத்த வரியைக் காட்டுகிறது. மேற்கோள்குறிக்கு இன்னும் அடுக்கு எழுதவில்லை, நாளை காலை வகுப்புக்கு முன்னால் பார்க்கிறேன்.