செடி நோயா ஈகாலஜியா, எதுல பிஎச்டி பண்றது?

தென்னந்தோப்பு:
வணக்கம். சென்னைல எம்எஸ்சி பாட்டனி கடைசி செமஸ்டர். ஊர் பட்டுக்கோட்டை பக்கம். 2018 கஜாவுல எங்க தோப்புல பாதி மரம் சாஞ்சிடுச்சு, நின்ன மரத்துலயும் சிலதுக்கு அப்புறமா தஞ்சாவூர் வாடல் வந்து அடித்தண்டுல செம்பழுப்பா சாறு வடிய ஆரம்பிச்சிடுச்சு, அப்பா ஒவ்வொண்ணா வெட்டி வேரோட தோண்டி எரிச்சாரு. அத பாத்துதான் பூஞ்சை படிக்க வந்தேன். இங்க பாத்தா அந்த வாடலுக்குக் காரணமான அதே கனோடெர்மா பூஞ்சை ஜாதி பட்டுப்போன மரத்துல தட்டு தட்டா முளைச்சு மக்க வைக்கிற வேலைய பாக்குது. அதுலேர்ந்து காடு பக்கமும் மனசு போகுது. ரெண்டையும் அப்ளிகேஷன்ல எழுதினா குழப்பம்னு நெனப்பாங்களா?

வேர்முடிச்சு:
தம்பி, இது குழப்பமே இல்ல, இதுதான் உன் கேள்வியே. தோப்புல கொல்ற ஜாதி காட்டுல ஏன் அடங்கி இருக்குன்னு எழுது. 1970ல ஜான்சென், 1971ல கான்னல்னு ரெண்டு ஈகாலஜி ஆராய்ச்சியாளர்கள் தனித்தனியா சொன்னது இதுக்குப் பக்கத்துல வரும். தாய் மரத்தடில அந்த ஜாதியத் தாக்குற பூச்சி, நோய்னு எதிரிங்க ஜாஸ்தி, அதனால அங்க கன்னு பிழைக்காது, வேற ஜாதிக்கு எடம் கிடைக்கும். பனாமா காட்டுல 80கள்ல கரோல் ஆக்ஸ்பர்கர் நாத்தழுகல் பூஞ்சைய வச்சு இத நேர்லயே பாத்தாங்க. தோப்புல பக்கத்து மரமும் அதே தென்னைதான், வேரோட வேர் உரசியே பரவிடும். ஆமா, செத்த மரம் எது எதுன்னு குறிச்சு வச்சிருக்கீங்களா?

அடையாறு ஆலமரம்:
ஒண்ணு மட்டும் சொல்றேன், கனோடெர்மா லூசிடம்னு கண்ண மூடிட்டு எழுதிடாதீங்க. அது ஐரோப்பா ஸ்பீசிஸ், நம்மூர்ல பல ஜாதிக்கு அந்தப் பேர ஒட்டி வச்சிருக்காங்க, ஐடிஎஸ் சீக்வென்ஸ், அதாவது பூஞ்சைய அடையாளம் காட்டுற டிஎன்ஏ பகுதிய பாத்தே பேர் வைங்க. கிண்டி நேஷனல் பார்க்குல சாம்பிள் எடுக்க வனத்துறை பர்மிஷன் வேணும், அதுக்கு நாளாகும். அதுவரைக்கும் ரோட்டோர புங்கை, மயில்கொன்றை அடில பாருங்க. டேட்டாவ அலசுற 'ஆர்' (R) கம்ப்யூட்டர் மொழிய இப்பவே கத்துக்கோங்க, அப்புறம்னு தள்ளினா கஷ்டம்.

தென்னந்தோப்பு:
ரொம்ப நன்றிண்ணா. எழுதி வைக்கல. ஆனா இப்பதான் அப்பாவுக்கு போன் போட்டேன், எந்த வரிசைல எத்தனாவது மரம், எந்த மாசம் சாறு வடிஞ்சுதுன்னு கடகடன்னு சொல்றாரு. பதினோரு மரம் வரைக்கும் நோட்ல குறிச்சிட்டேன், மிச்சத்த ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போய் அவரோட நடந்தே வரையப் போறேன்.