கடைக்கு வந்து வாடிக்கையாளரின் விவரம் கேட்டால் குடுக்கத்தான் வேணுமா? (திருகோணமலை)

கேட்டவர்: போட்டோகொப்பிக் கடை, திருமலை | செப்டெம்பர் 18

எல்லாருக்கும் வணக்கம். மூண்டு கிழமையாய் இதை எழுதுறதும் அழிக்கிறதுமாய் இருந்தனான். இண்டைக்கு முழுக்க எழுதிறன்.

டவுனுக்குள்ள எனக்குச் சின்னதொரு கொமினிகேஷன் கடை. போட்டோகொப்பி, பிரிண்ட், லெமினேட், பாஸ்போட் சைஸ் படம், ரீலோட். பதினாலு வருஷமாய் நடத்திறன். சனம் எல்லாத்தையும் கடை வாட்ஸ்அப்புக்குத்தான் அனுப்பும். ஐசி, பாஸ்போட், மரணச் சான்றிதழ், கிளினிக் கொப்பி, காணி உறுதி. ஊரின்ட அரைவாசி என்ட கொம்பியூட்டருக்குள்ள கிடக்கு எண்டு சொன்னால் பிழையில்லை.

ஒரு அம்மா, நான் கடை திறந்த வருஷத்தில இருந்து ஓகஸ்ட் மாசக் கடைசியில வருவா. அவவின்ட மகனை 2008 இல காணேல்ல. அவவிட்ட இருக்கிறது ஒரே ஒரு படம், பதினாறு வயசில அடையாள அட்டைக்கு எடுத்தது. ஓகஸ்ட் 30, காணாமல் ஆக்கப்பட்டோர் தினத்துக்கு முதல் அதை ஏ3 இல பெருப்பிச்சு லெமினேட் செய்து தரவேணும். வருஷம் முழுக்க வெயிலுக்க பிடிச்சு நிண்டு முகம் வெளிறிப்போகும், அதாலதான் ஒவ்வொரு வருஷமும் புதுசு. 2015 நவம்பரில காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றின ஐ.நா. செயற்குழு வந்து இங்க கடற்படைத் தளத்துக்குள்ள நிலத்தடி அறைகளைப் பாத்தது எண்டு செய்தி வந்தபோது, அந்தப் பேப்பர்த் துண்டைக் கொண்டுவந்து பத்துப் பிரதி அடிச்சுக்கொண்டு போனவ.

இந்த ஓகஸ்ட் 27, பின்னேரம் ஆறு மணி இருக்கும். சிவில் உடுப்பில ரெண்டு பேர் மோட்டசைக்கிள்ல வந்தாங்கள். பேர் சொல்லேல்ல, எந்தப் பிரிவு எண்டும் சொல்லேல்ல. ஒருத்தர் நல்ல தமிழ். "30ஆம் திகதிக்கு ஆர் ஆர் படம் அடிக்கினம்? எத்தனை? பனருக்கு ஆர் காசு குடுத்தது?" எண்டு கேட்டார். பிறகு அந்த அம்மாவின்ட நம்பரைக் கேட்டார். நான் குடுத்திட்டன். வாட்ஸ்அப் திரையை அவரே தன்ட போனில படம் பிடிச்சார். கடைக் கமராவின்ட பதிவு இருக்கிற பெட்டியையும் கேட்டார். பாஸ்வேட் மச்சானிட்டத்தான் இருக்கு எண்டன். திரும்பி வாறம் எண்டு சொல்லிப்போட்டு, வெளிக்கிடேக்க கேட்டார்: "சின்ன மகளுக்கு இந்த வருஷம்தானே ஸ்கொலர்ஷிப் சோதனை?"

நான் என்ட பிள்ளையைப் பற்றி ஒரு சொல்லும் அவரிட்டச் சொல்லேல்ல.

29ஆம் திகதி காலமை அம்மா படம் எடுக்க வந்தா. "தம்பி, ஆரோ எடுத்து நாளைக்கு எங்க போறீங்கள், ஆர் வாகனம் பிடிச்சது எண்டெல்லாம் கேக்கிறாங்கள். என்ட நம்பர் எப்பிடிக் கிடைச்சுதோ தெரியாது" எண்டா. நான் லெமினேட் மெஷினைப் பாத்தபடி நிண்டன். காசு வேண்டாம் எண்டன். மேசையில வைச்சிட்டுப் போனா.

எழுத்தில ஒண்டும் இல்லாமல் கேட்டால் குடுக்கத்தான் வேணுமா? கமராப் பெட்டியைக் கழட்டிக்கொண்டு போகலாமா? இதுகளைவிட, அந்த அம்மாவுக்கு நான் சொல்லவேணுமா? ராவில நித்திரை இல்லை.

பதில் 1: பழைய முதலியார்

தம்பி, முப்பத்தொரு வருடம் நீதிமன்றங்களில் மொழிபெயர்ப்பு முதலியாராக இருந்தவன். சட்டத்தரணி அல்ல. ஆனால் கண்டது நிறைய.

சாதாரணக் குற்ற விசாரணையில் ஒரு கடையைச் சோதிக்க நீதவானின் பிடியாணை போன்ற எழுத்து மூலமான ஆணை தேவை என்பதே பொது விதி. விதிவிலக்குகள் உண்டு. அதில் பெரியது பயங்கரவாதத் தடைச் சட்டம், 1979இன் 48ஆம் இலக்கம். பெயரிலேயே "தற்காலிக ஏற்பாடுகள்" என்று இருக்கிறது. மூன்று வருடத்துக்கென்று வந்தது, 1982இல் நிரந்தரமாக்கினார்கள். அதன் 6ஆம் பிரிவின்படி பிடியாணை இல்லாமலே உள்ளே வந்து தேடலாம், பொருளைக் கைப்பற்றலாம். ஆனால் அதைக்கூட நினைத்தவர் எல்லாம் செய்துவிட முடியாது. பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாதவர் செய்யவேண்டும், அல்லது அவரிடம் எழுத்தில் அதிகாரம் பெற்ற, உப பரிசோதகர் தரத்துக்குக் குறையாதவர். இவ்வளவு கடுமையான சட்டமே எழுத்தைக் கேட்கிறது. உங்களிடம் வந்தவர்கள் பெயரைக்கூடச் சொல்லவில்லை.

கடைக்காரர்கள் அஞ்சுவது அதே சட்டத்தின் 5ஆம் பிரிவுக்கு. தகவலை மறைத்தால் ஏழு வருடம் வரை சிறை என்பார்கள். அது அந்தச் சட்டத்தின் கீழான குற்றம் ஒன்று நடந்ததை, அல்லது நடக்கப்போவதை அறிந்தும் சொல்லாமல் விடுவதைப் பற்றியது. காணாமல் போன மகனின் படத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பது எந்தச் சட்டத்திலும் குற்றமில்லை. அமைதியாக ஒன்றுகூடும் உரிமை அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரையில் இருக்கிறது.

மொழியைப் பற்றியும் சொல்லவேண்டும், அது என் தொழில். உங்களைக் கூப்பிட்டு வாக்குமூலம் எடுத்தால், உங்களுக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய தாளில் கையொப்பம் வைக்காதீர்கள். வடக்கு கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி, தமிழில் எழுதும்படி கேட்பது உங்கள் உரிமை. பயங்கரவாதத் தடைச் சட்டத்தில், உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்குக் குறையாதவரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, எதிராகவே பாவிக்கலாம். அது வற்புறுத்தி எடுத்தது என்று நிரூபிக்கும் பாரமும் எதிரியின் தலையில்தான். சிங்களத்தில் எழுதிய அப்படியான தாள்களை நான் நீதிமன்றத்தில் தமிழில் வாசித்திருக்கிறேன். கூண்டில் நிற்கும் பையன் தான் "சொன்னதை" அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்பான். "ஐயா, நான் இப்பிடிச் சொல்லவே இல்லை" என்று நீதிபதியைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொல்வான். அதையும் நான் மொழிபெயர்த்துச் சொல்லவேண்டும். அந்தக் குரல்கள் இன்னும் எனக்குக் கேட்கும்.

நாள் கணக்கைக் கவனியுங்கள். அடிப்படை உரிமை மீறலுக்கு 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றம் போக ஒரு மாதம்தான். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்தால், அவர்கள் விசாரிக்கும் காலம் இந்தக் கணக்கில் சேராது. 1996இன் 21ஆம் இலக்கச் சட்டம், 13ஆம் பிரிவு. ஓகஸ்ட் 27 என்றால் உங்களுக்கு இன்னும் ஒன்பது நாள். ஆணைக்குழுவின் அலுவலகம் திருகோணமலையிலேயே இருக்கிறது.

கமராப் பெட்டியில் உள்ளதை இப்போது அவசரப்பட்டு அழிக்காதீர்கள். கேட்ட பிறகு அழித்தால் உங்கள் பக்கம் பிழையாகிவிடும். அந்த இரண்டு பேரின் முகமும் அதில்தானே இருக்கிறது.

பதில் 2: உவர்மலை

நான் சொல்லுறது உங்களுக்குப் பிடிக்காது. குடுத்தது குடுத்ததுதான், இனிக் கேட்டாலும் குடுங்கோ.

2006 ஜனவரி 2 பின்னேரம் நான் டியூஷன் முடிஞ்சு கடற்கரைப் பக்கம்தான் வந்துகொண்டிருந்தன். காந்தி சிலையடியில அஞ்சு பெடியள். எங்கட வயசு. முதல்ல குண்டு வெடிச்சுச் செத்தது எண்டுதான் சொன்னவை. பத்திரிகையாளர் சுகிர்தராஜன் எடுத்த படங்கள் வந்தாப்பிறகுதான் கிட்ட வைச்சுச் சுட்டது எண்டு உலகத்துக்குத் தெரிஞ்சது. அந்த மாசம் 24ஆம் திகதி அவரையும் சுட்டாங்கள். வழக்கு இழுபட்டு இழுபட்டு 2019 ஜூலையில பொலிஸ் விசேட அதிரடிப்படையினர் உட்பட 13 பேரையும் இங்க நீதவான் நீதிமன்றம் விடுதலை செய்தது. சாட்சி சொல்ல ஆக்கள் ஊரில இல்லை.

நீங்கள் படம் அடிச்சுக் குடுக்கிற ஆள். இந்த ஊரில படத்தால செத்த மனுசன் இருக்கிறார். உங்களுக்குப் பிள்ளையள் இருக்கு. எனக்கும் இருக்கு. சட்டம் நம்பரோட சொல்லுறது லேசு ஐயா, ராவில கதவு தட்டுப்பட்டால் திறக்கிறது நாங்கள்.

பதில் 3: கிண்ணியா மொபைல் கடை

உவர்மலை அண்ணன் சொல்ற பயம் உண்மையான பயம். அதை நான் குறைச்சுச் சொல்லமாட்டன். ஆனா "குடுத்தா விட்டுருவாங்க" எண்டது என்ட அனுபவத்துல பிழை.

2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு எங்கட முஸ்லிம் ஆக்கள் பக்கம் எப்படி இருந்த எண்டு தெரியும்தானே. ஹசலக்கவுல கப்பல் சுக்கான் படம் போட்ட சட்டை உடுத்த பொம்புளய, அது தர்மச்சக்கரம் எண்டு சொல்லிப் புடிச்சு உள்ளுக்குப் போட்ட காலம். என்ட கடைக்கும் வந்தாங்க. ரிப்பேருக்கு வந்த போன்களக் கேட்டாங்க. முதல் நாள் ரெண்டு குடுத்தன். அடுத்த கிழம அஞ்சு கேட்டாங்க. அதுக்குப் பிறகு கடைக்கு வராமலே கோல் எடுத்து, இன்ன ஆள் வந்தா சொல்லு எண்டாங்க. குடுக்கக் குடுக்க என்னையத் தங்கட ஆளா எடுத்துட்டாங்க. ஊருக்குள்ளயும் அப்படித்தான் கதை போச்சு. வாப்பா பள்ளிவாசலுக்குப் போனா சனம் கதையை நிப்பாட்டும்.

இப்ப செய்யிறதச் சொல்றன். கவுண்டர்ல ஒரு சி.ஆர். கொப்பி, தடிச்ச மட்டை போட்ட பதிவுக் கொப்பி, வச்சிரிக்கன். ஆர் வந்து என்ன கேட்டாலும் மரியாதையா கதிர குடுத்து, கொப்பியத் திறந்து வச்சிருவன். பேர், தரம், இலக்கம், எந்த நிலையம், எந்த முறைப்பாடு சம்பந்தமா, என்ன வேணும். "சேர், முதலாளி இது இல்லாம ஒண்டும் குடுக்க வேணாம் எண்டிரிக்கார்" எண்டு சொல்லுவன். முதலாளி நான்தான், அது வேற. இதுவரைக்கும் ரெண்டு தரம் நடந்திரிக்கு. ஒரு தரம் வந்தவர் கொப்பியப் பாத்துட்டு எழுதாமலே போயிட்டார். மற்றத் தரம் ரெண்டு நாள்ல கடிதத்தோட வந்தார், திருட்டுப் போன் கேஸ். கடிதத்துல கேட்டத மட்டும் குடுத்தன், கொப்பில கையொப்பமும் வாங்கினன்.

மற்றது, வேலை முடிஞ்சா ஃபைல வச்சிரிக்காதீங்க. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் எண்டு 2022ல ஒண்டு வந்திச்சு, ஆனா அதை நம்பி இரிக்காதீங்க. இல்லாததைத் தா எண்டு கேக்க ஏலாது. ஒவ்வொரு நாளும் கடை பூட்டக்குள்ள அண்டையப் படத்தை அழிக்கிறது எங்கட கடைப் பழக்கம். அதைப் போர்டாவும் எழுதித் தொங்க விட்டிரிக்கன்.

பதில் 4: சம்பூர் பிள்ளை

அண்ணா, சட்டத்தை மற்றவங்க சொல்லிட்டாங்க. நான் உங்கட கடைசிக் கேள்விக்கு மட்டும் வாறன்.

2024 மே மாசம் எங்கட ஊர்ல, போரின்ட கடைசியில செத்தவங்களை நினைச்சு முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சினதுக்கு நாலு பேரைப் பிடிச்சாங்க, அதுல மூண்டு பேர் பொம்பிளைகள். போட்டது ஐசிசிபிஆர் சட்டம், அதாவது குடியியல், அரசியல் உரிமைகள் பற்றின சர்வதேச உடன்படிக்கைச் சட்டம். மக்கள்ட உரிமையைக் காப்பாத்த 2007ல கொண்டுவந்த சட்டம் அது. அதைச் செய்திகள்ல எல்லாரும் வாசிச்சிருப்பீங்க. செய்தியில வராத ஒண்டு, அதுக்குப் பிறகு ஊருக்குள்ள நடந்தது. எங்கட ஆக்கள்ல ஆர் தகவல் குடுத்தது எண்ட கேள்வி. பக்கத்து வீட்டு மாமியை என்ட அம்மா ஒரு வருஷமாச் சந்தேகப்பட்டா. காரணம் ஒண்டுமில்ல, அண்டைக்கு அவ படலையடியில நிண்டவ, அவ்வளவுதான். முப்பது வருஷம் ஒரே கிணத்துல தண்ணி அள்ளினவங்க.

உங்கட அந்த அம்மா இப்ப தன்னோட நிக்கிற மற்ற அம்மாக்களத்தான் பார்ப்பா. வாகனம் பிடிச்ச ஆளை, கூட்டத்துல பேர் எழுதின பிள்ளையை. பதினேழு பதினெட்டு வருஷம் அவவுக்கு இருந்த துணை அவங்க மட்டும்தான். உங்கட கடையில இருந்துதான் போனது எண்டு தெரிஞ்சா அவ உங்களோட கோபிப்பா. கோபிக்கட்டும். மற்றவங்களை விட்டுருவாதானே. போய்ச் சொல்லுங்க அண்ணா.

கேட்டவர் மீண்டும் | செப்டெம்பர் 24

எல்லாருக்கும் நன்றி. உவர்மலைக்கும் சேர்த்துத்தான். நான் அவரைப் போலத்தான் 27ஆம் திகதி யோசிச்சனான்.

நேற்றுப் பின்னேரம் அம்மாவின்ட வீட்டுக்குப் போனன். தேத்தண்ணி ஊத்தினா. குடிக்காமலே சொன்னன், நம்பர் என்ட கடையிலதான் எடுத்தவங்கள், நான்தான் காட்டினது எண்டு. கன நேரம் பேசேல்ல. பிறகு சொன்னா: "என்ட நம்பர் அவையளிட்ட 2008 இல இருந்து இருக்குத் தம்பி. எத்தனை முறைப்பாடு, எத்தனை ஆணைக்குழு, எல்லாத்திலயும் எழுதிக் குடுத்தனான். மாத்தினால் அவனைப் பற்றிச் சொல்ல எடுக்கேக்க கிடைக்காமல் போயிடும் எண்டு இந்த நம்பரை மாத்தாமலே வைச்சிருக்கிறன். இத்தனை வருஷத்தில எடுத்தது இதுக்குத்தான்."

பிறகுதான் கோபம் வந்தது. தகவல் குடுத்ததுக்கு இல்லை. கிண்ணியாத் தம்பி சொன்னபடி ஃபைலை எல்லாம் அழிக்கப்போறன் எண்டு சொன்னன். அதுக்குத்தான். "அழிச்சுப்போடாதை, வீட்டில இருந்த படம் கறையான் அரிச்சுப்போச்சு" எண்டு கையைப் பிடிச்சுக்கொண்டா. பதினாலு வருஷமாய் அந்த முகம் என்ட கொம்பியூட்டரில மட்டும்தான் இருந்திருக்கு, எனக்கே தெரியாது.

திரும்பிக் கடைக்கு வந்து ரெண்டு பென் டிரைவில ஏத்தினன். ஒண்டு அவவுக்கு, மற்றது சுவிஸில இருக்கிற அவவின்ட தங்கச்சிக்கு அனுப்ப. அவவுக்கு முன்னாலயே கடை மெஷினில இருந்து அழிச்சன். பென் டிரைவை முந்தானையில முடிஞ்சுகொண்டு போனா.

சி.ஆர். கொப்பி வாங்கியாச்சு. முதல் பக்கத்தில ஓகஸ்ட் 27 நடந்ததை நேரம் போட்டு எழுதியிருக்கிறன், மோட்டசைக்கிள் நம்பர் கமராவில தெரியுது, அதையும். நாளைக்குக் காலமை மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குப் போறம். அம்மாவும் வாறன் எண்டிருக்கிறா. முதலியார் ஐயா, நேரம் இருந்தால் எங்களோட வருவீங்களோ? முறைப்பாட்டைத் தமிழில வடிவாய் எழுத ஒரு ஆள் வேணும்.