தீராத மூக்கடைப்பு: உங்களுக்கு எது கைகொடுத்தது?

ராக்கோழி:
பகல் எப்படியோ ஓடிடுது. படுத்தாத்தான் தொல்லை. வலப்பக்கம் ஒருக்களிச்சா வலது மூக்கு அடைக்குது, இடப்பக்கம் புரண்டா அது திறந்து இது அடைக்குது. மல்லாந்தா ரெண்டும் போச்சு. வாயால மூச்சு விட்டு விட்டு, விடியும்போது நாக்கு அண்ணத்துல ஒட்டிக் கிடக்கும். சளின்னு பெருசா எதுவும் இல்ல, எவ்வளவு சிந்தினாலும் ஒண்ணும் வர்றதில்ல. காய்ச்சல் போய் மாசக்கணக்காச்சு, அடைப்பு மட்டும் போகல. ஆவி, தைலம், மெடிக்கல்ல கேட்டு வாங்கின சளி மாத்திரை எல்லாம் ஆச்சு. எங்கயோ படிச்சதை ஒட்டாதீங்க, உங்க மூக்குக்கு நடந்ததைச் சொல்லுங்க.

பழைய சொட்டு:
சிந்தினா ஒண்ணும் வர்றதில்லன்னு சொன்னீங்க பாருங்க, விஷயமே அங்கதான் இருக்கு. உள்ள சளி இருந்தாத்தானே வரும்? மூக்குக்குள்ள ரெண்டு பக்கச் சுவர்லயும் டர்பினேட்னு சதை மடிப்பு இருக்கு, அது நிறைய ரத்தக்குழாய். ரத்தம் நிரம்பினா உப்பும், வடிஞ்சா சுருங்கும். நல்லா இருக்கறவங்களுக்கே சில மணி நேரத்துக்கு ஒரு தடவை ஒரு பக்கம் உப்பி மறுபக்கம் சுருங்கி மாறிட்டே இருக்கும், அவங்களுக்குத் தெரியறதில்ல. நமக்கு ஏற்கெனவே வீங்கி இருக்கறதால தெரியுது. படுத்தா தலைப்பக்கம் ரத்தம் தேங்கி இன்னும் உப்பும், அதுவும் கீழ்ப்பக்கம் இருக்கற மூக்குல அதிகம். தலைமாட்டை உயர்த்திப் படுங்க, கொஞ்சம் தேவலாம்.

என் கதை சொட்டு மருந்து. சைலோமெட்டாசோலின். அந்த ரத்தக்குழாயைச் சுருக்கி நிமிஷத்துல மூக்கைத் திறந்து விட்டுடும். சளி பிடிச்சப்ப எழுதிக் கொடுத்தது, சளி போயும் பாட்டில் போகல. தலையணைக்கு அடியில ஒண்ணு, பையில ஒண்ணு, ஆபீஸ் மேஜையில ஒண்ணு. ஊருக்குக் கிளம்பும்போது சார்ஜரை மறந்தாலும் அதை மறக்க மாட்டேன். முதல்ல ராத்திரி முழுக்கத் தாங்கினது, போகப் போக பாதித் தூக்கத்துக்குக்கூடக் காணல. ஈ.என்.டி டாக்டர் விளக்கடிச்சுப் பார்த்துட்டு முதல்ல கேட்டதே, "எத்தனை மாசமா சொட்டு விடறீங்க?" உள்ள சிவந்து வீங்கிக் கிடந்துச்சாம். மருந்தோட வேகம் இறங்கினதும் முன்னைவிட அதிகமா உப்பும், அதுக்கு மறுபடியும் மருந்து. ரைனைட்டிஸ் மெடிக்கமென்டோசான்னு இதுக்குப் பேரே இருக்கு. 3 முதல் 5 நாளுக்கு மேல விடக்கூடாத மருந்து அது.

நிறுத்த வெச்ச விதம்தான் சொல்ல வேண்டியது. முதல்ல ஸ்டீராய்டு ஸ்ப்ரே ஆரம்பிச்சாங்க. அது பிடிக்க ஆரம்பிச்சதும் ஒரு பக்க மூக்குக்கு மட்டும் சொட்டை நிறுத்தச் சொன்னாங்க. அந்தப் பக்கம் சுத்தமா அடைச்சுக் கிடக்கும், இந்தப் பக்கம் மூச்சு விட்டுக்கலாம். அது தானா திறந்தப்புறம் மறுபக்கம். ராத்திரியெல்லாம் உட்கார்ந்தே தூங்கினேன். ஆனா விட்டுப் போச்சு.

தும்மல்திலகம்:
ஸ்ப்ரே பத்தி நான் சொல்றேன். போட்டேன், கேக்கலன்னு பல பேர் ரெண்டு நாள்ல தூக்கிப் போட்டுடறாங்க. ஃப்ளூட்டிகசோன், மொமெட்டசோன் எல்லாம் சொட்டு மாதிரி உடனே திறக்காது. வீக்கத்தை மெல்ல வத்த வைக்கற மருந்து, முழுப் பலன் தெரிய ரெண்டு வாரம்கூட ஆகும். தினமும் அடிக்கணும்.

எனக்கு அடிச்சாலே ரத்தம் கசிஞ்சுது. மறுபடி போனப்ப அங்க இருந்த நர்ஸக்கா, "எங்க, என் முன்னாடி அடிங்க பார்ப்போம்"னாங்க. அடிச்சுக் காட்டினதும் தலையில அடிச்சுக்கிட்டாங்க. மருந்து பூரா ரெண்டு மூக்குத் துவாரத்துக்கும் நடுவுல இருக்கற தண்டு மேலயே பட்டுட்டிருந்திருக்கு. தலையை லேசா குனிஞ்சு, வலது மூக்குக்கு இடது கை, இடது மூக்குக்கு வலது கை. ஸ்ப்ரே முனை அதே பக்கக் கண்ணோட வெளி ஓரத்தைப் பார்க்கணும். அடிச்சதும் சர்ருனு உறிஞ்சக்கூடாது, தொண்டைக்கு இறங்கிடும். அன்னியோட ரத்தம் நின்னுது. டப்பாக்குள்ள மடிச்சு வெச்சிருக்கற காகிதத்துலயும் இதெல்லாம் போட்டிருக்காங்க, பூதக்கண்ணாடி இருந்தா படிக்கலாம்.

ஸ்ப்ரேக்கு முன்னாடி உப்புத் தண்ணியால மூக்கைக் கழுவறேன். கால் லிட்டர் தண்ணிக்கு அயோடின் கலக்காத உப்பு அரை டீஸ்பூன், சமையல் சோடா ஒரு சிட்டிகை. உப்பு கம்மியானா வெறும் தண்ணி மாதிரி எரியும். தண்ணி கொதிக்க வெச்சு ஆற வெச்சதா இருக்கணும், குழாய்த் தண்ணியை நேரா விடவே கூடாது. நெக்லேரியா ஃபௌலெரின்னு ஒரு அமீபா, குடிச்சா ஒண்ணும் பண்ணாது, மூக்கு வழியா ஏறினா மூளைக்குப் போயிடும். ரொம்ப அபூர்வம்தான். வந்தவங்கள்ல பிழைச்சவங்க அதைவிட அபூர்வம்.

பச்சிலை:
நான் ஸ்டீராய்டு பக்கமே போகல. தைலம் தேய்ச்சு ஆவி பிடிச்சா எனக்கு நல்லாத் திறக்குது. எதுக்கு இவ்வளவு மருந்து?

பழைய சொட்டு:
திறந்த மாதிரி இருக்குங்க. மென்தால் மூக்குல குளிர்ச்சி உணர்ற நரம்பைத் தட்டி விடுது, காத்து நிறையப் போறதா மூளை நம்பிக்குது. கருவி வெச்சு அளந்தா அடைப்பு அதே அளவுலதான் இருக்குன்னு கண்டிருக்காங்க. தூக்கம் வருதுன்னா தேய்ச்சுக்கங்க, நானும் தேய்க்கறேன். குழந்தைங்களுக்கு மூக்குக்குள்ள மட்டும் தடவாதீங்க. கொதிக்கற பாத்திரத்தை மடியில வெச்சுக்கிட்டு ஆவி பிடிக்கறதும் வேணாம், கவிழ்ந்தா தொடை வெந்துடும்.

வாசனை மறந்தவன்:
என் அடைப்பு வேறு ரகம். சளியும் இல்லை, பக்கம் மாறுவதும் இல்லை. இரண்டு மூக்கும் எப்போதும் அடைப்புதான். சமையலறையில் கேஸ் கசிந்து வீடு முழுக்க நாறிக்கொண்டிருந்த நாளன்று, நான் அந்த அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்று போன் பேசிக்கொண்டிருந்தேன். வெளியே போயிருந்த மகள் உள்ளே வந்து "அப்பா, போனைத் தொடாதே, வெளியே வா" என்று கத்திய பிறகுதான் தெரிந்தது. மறுநாளே டாக்டரிடம் இழுத்துப் போனாள்.

கேமரா வைத்த மெல்லிய குழாயை, எண்டோஸ்கோப் என்பார்கள், மூக்குக்குள் விட்டுத் திரையில் காட்டினார்கள். தோல் உரித்த திராட்சை மாதிரி பளபளவென்று, சாம்பல் நிறத்தில், இரண்டு பக்கமும் பாலிப், அதாவது சதை வளர்ச்சி. எனக்கு ஆஸ்துமா உண்டு, ஆஸ்பிரின் போட்டால் இழுப்பு வரும். இந்த மூன்றும் சேர்ந்தே வருகிற நோய் ஒன்று இருப்பது அப்போதுதான் தெரியும். அதுவரை நெஞ்சுக்கு ஒருவர், மூக்குக்கு ஒருவர் என்று தனித்தனியாகக் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். எண்டோஸ்கோப் வழியாகவே அறுவை சிகிச்சை செய்தார்கள், வெளியே தழும்பு கிடையாது. மீண்டும் வளரக்கூடியது என்பதால் ஸ்ப்ரேயும் உப்புநீரும் நிற்கவில்லை. வளர்ந்தால் டுபிலுமாப் என்று ஊசி இருக்கிறது, பாலிப்புக்கு அமெரிக்காவில் 2019-இல் அனுமதித்தார்கள். அதற்கு இன்னும் அவசியம் வரவில்லை.

ஒரு பக்கம் மட்டும் விடாமல் அடைத்து, ரத்தமும் வந்தால் இங்கே கேட்டுக்கொண்டிருக்காதீர்கள், நேரே போய்க் காட்டுங்கள்.

வளைஞ்ச தண்டு:
எனக்கு மூக்கு நடுத்தண்டு வளைவுன்னு ஆபரேஷன் ஆச்சு. மூச்சு விட நல்ல வித்தியாசம். ஆனா காலையில எழுந்ததும் தும்மலும் அடைப்பும் அப்படியே இருந்துச்சு. அதுக்குக் காரணம் தூசிப்பூச்சி அலர்ஜி. தண்டை நேராக்கினா அலர்ஜி எப்படிப் போகும்? தலையணை உறை, போர்வையெல்லாம் வாராவாரம் 60 டிகிரி சுடுதண்ணியில துவைக்கறேன், படுக்கைக்கு நெருக்கமா நெய்த உறை போட்டாச்சு. ஆபரேஷன்னு யாராவது சொன்னா, அலர்ஜியையும் பார்த்தாச்சான்னு முதல்லயே கேட்டுடுங்க.

ராக்கோழி:
எல்லாருக்கும் நன்றி. இப்பத்தான் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். ஃபினைலெஃப்ரின்னு போட்டிருக்கு. இது எப்படி? பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடறேன். அடுத்த வாரம் டாக்டரைப் பார்க்கறேன்.

தும்மல்திலகம்:
அது வாய்வழியா எடுத்தா மூக்கடைப்புக்கு வேலை செய்யறதில்லன்னு 2023 செப்டம்பர்ல அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வோட ஆலோசனைக் குழு 16 பேரும் ஒருமனதாச் சொன்னாங்க. 2024 நவம்பர்ல, தானா வாங்கிப் போடற அடைப்பு மாத்திரைகள்லேர்ந்து அதை எடுத்துடலாம்னு எஃப்.டி.ஏ.வே முன்மொழிஞ்சது. வேலை செய்யற இன்னொரு அடைப்பு மாத்திரை சூடோஎஃபெட்ரின், ஆனா அது பிரஷரை ஏத்தும், அதனால நீங்களா மாத்திக்காதீங்க. பிரஷர் மாத்திரைகள்ல சிலதே மூக்கை அடைக்கும், அட்டையைக் கையோட எடுத்துட்டுப் போங்க. அலர்ஜிக்குத் தோல்ல குத்திப் பார்க்கற டெஸ்ட் எடுக்கறதா இருந்தா, செட்ரிசின் மாதிரி அலர்ஜி மாத்திரையை எத்தனை நாள் முன்னாடி நிறுத்தணும்னு போன்லயே கேட்டுக்கங்க. அதைப் போட்டிருந்தா தோல்ல ஒண்ணும் தடிக்காது, டெஸ்ட் வீண், இன்னொரு நாள் வரச் சொல்லிடுவாங்க.