உயிர்த்த ஆண்டவர் கையில் ஏன் கொடி?

கேள்வி:
எங்கள் பங்குக் கோயிலில் பாஸ்கா இரவில், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய இரவில், உயிர்த்த ஆண்டவர் சுரூபத்தை (சிலையை) திறப்பார்கள். கையில் வெள்ளைக் கொடி, அதில் சிவப்புச் சிலுவை. இந்த வருடம் என் மகள், "இயேசு சண்டைக்கா போனார்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1:
ஆமாம் என்றே சொல்லுங்கள், சாவோடு சண்டை. ஜெயித்தவர் கொடியோடுதானே திரும்புவார்? சிவப்பு அவர் சிந்திய இரத்தம். இத்தாலிய ஓவியர் பியெரோ தெல்லா பிரான்செஸ்கா 15ஆம் நூற்றாண்டில் வரைந்த சுவரோவியத்தைக் காட்டுங்கள். கல்லறை விளிம்பில் ஒரு காலை ஊன்றி, இதே கொடியோடு இயேசு நிற்கிறார். கீழே காவலர்கள் தூங்குகிறார்கள். இயேசுவைக் குறிக்கும், கொடி பிடித்த ஆட்டுக்குட்டிச் சின்னத்துக்கும் இதே பொருள்தான்.

பதில் 2:
நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை). எங்களிடம் சுரூபம் இல்லை. ஆனால் பைபிளில் யாத்திராகமம் 17இல், அமலேக்கியரை வென்றபின் மோசே கட்டிய பலிபீடத்தின் பெயர் யேகோவாநிசி, 'கர்த்தர் என் கொடி'. அப்பா தவறிய வாரம் முழுக்க அம்மா இதைத்தான் முணுமுணுத்தார்.

கேட்டவர்:
நன்றி. மகளிடம் சொல்லிவிட்டேன். ஆகஸ்ட் 29 வேளாங்கண்ணிக் கொடியேற்றத்தில், கூட்டத்தில் கொடி தெரியவில்லை என்று அவளைத் தோளில் தூக்கினேன். "இதுவும் ஜெயித்த கொடியா அப்பா?" என்றாள்.