கிரைண்டர் பலகையில் என்ன எழுதணும்: "கவனமே கவசம்" போதுமா?

பட்டறைத்தம்பி:
சின்னப் பட்டறைகள்ல பெஞ்ச் கிரைண்டர் (மேசையில பொருத்தி, சுத்துற கல்லுல உலோகத்தைத் தேய்க்கிற இயந்திரம்) பக்கத்துல மாட்ட ஒரு விழிப்புணர்வுப் பலகைக்கு வாசகம் இது: "கவனமே கவசம். கண்ணாடி போடு, கண்ணைக் காப்பாற்று." அடியில சின்ன எழுத்துல, "அலட்சியத்தால் ஏற்படும் காயத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல." பெரும்பாலான காயம் வேலை செய்யிற ஆளோட கவனக்குறைவாலதான் வருது. அதை நேராச் சொல்லிடறது நல்லது. உரிமை, இழப்பீடுன்னு பலகையில போட ஆரம்பிச்சா கவனம் வேலையை விட்டு அங்க போயிடும். கருத்து சொல்லுங்க.

செங்கதிர்:
அடியில் இருக்கும் வரியை முதலில் எடுத்துவிடுங்கள். பலகையில் எழுதி மாட்டிவிட்டதால் மட்டும் முதலாளியின் சட்டப் பொறுப்பு போய்விடாது. ஆனால் படிக்கிற தொழிலாளி அதை உண்மையென்று நம்பிவிடுவார். அடிபட்ட பிறகு வாயைத் திறக்காமல் இருந்துவிடுவார். அதுதான் ஆபத்து.

"பெரும்பாலானவை ஆளின் தவறு" என்ற பேச்சுக்கு ஒரு பழைய வேர் இருக்கிறது. அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனமொன்றில் இருந்த ஹெயின்ரிச் என்பவர், 88 சதவீத விபத்துகள் ஆட்களின் பாதுகாப்பற்ற செயலால் நடப்பதாக 1931-இல் எழுதினார். அவர் அலசியது விபத்துப் பதிவுகளை. அப்படிப்பட்ட பதிவுகளை எழுதுகிறவர் பெரும்பாலும் மேற்பார்வையாளர். "இயந்திரத்தை நான் சரியாக வைக்கவில்லை" என்று அவர் எழுதுவது அபூர்வம். "ஆள் கவனமாக இல்லை" என்று எழுதுவது சுலபம். அந்த எண்ணிக்கை இன்றைக்கும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

உங்கள் கிரைண்டரையே எடுத்துக்கொள்வோம். டூல் ரெஸ்டுக்கும் (தேய்க்கும் துண்டைத் தாங்கி வைக்கும் தட்டு) கல்லுக்கும் நடுவே 3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. மேலே உறையின் வாயில் உள்ள, நகர்த்தக்கூடிய நாக்குத் தகட்டுக்கும் கல்லுக்கும் 6 மில்லிமீட்டர்தான். கல் தேயத் தேய விட்டம் குறையும், இரண்டு இடைவெளியும் தானாகவே அகலும். 10 மில்லிமீட்டர் ஆனதும் சின்னத் துண்டு அந்த வாய்க்குள் இழுபட்டு மாட்டும். விரலும் சேர்ந்து போகும், அல்லது கல் அப்படியே வெடிக்கும். இதில் கண்ணாடி போட்ட ஆளின் கவனம் எங்கே உதவுகிறது?

பட்டறைத்தம்பி:
அந்த இடைவெளியை யார் பார்க்கணும்? கிரைண்டர் முன்னால நிக்கிற ஆள்தானே. நான் கவனம்னு சொல்றது அதையும் சேர்த்துத்தான்.

கல்லைத் தட்டிப் பார்க்கிறதையே சொல்றேன். புதுக் கல்லா இருந்தாலும் மாட்டறதுக்கு முன்னாடி செய்யணும். கல் காய்ஞ்சு, தூசியில்லாம இருக்கணும். நடு ஓட்டையில விரலைவிட்டுத் தொங்கவிட்டு, ஸ்க்ரூ டிரைவரோட பிளாஸ்டிக் பிடியால விளிம்புலேர்ந்து 25 முதல் 50 மில்லிமீட்டர் உள்ளே லேசாத் தட்டணும். கல்லோட நடுவுல மேலேர்ந்து கீழே போற செங்குத்துக் கோட்டுக்கு ரெண்டு பக்கமும் 45 பாகை தள்ளித் தட்டணும், அப்புறம் கல்லை 45 பாகை திருப்பி மறுபடியும். கணீர்னு கேட்டா நல்ல கல். செத்த சத்தம் வந்தா உள்ளே விரிசல், தூக்கிப் போட்டுடணும். ரெசின் (பிசின்) வச்சு ஒட்டின கல்லுல அவ்வளவு கணீர்னு வராது, அது வேற. ஒரு தடவை கீழே விழுந்த கல்லு வெளியில பார்க்க நல்லாத்தான் இருக்கும்.

அப்புறம், கல்லுல எழுதியிருக்கிற ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு எத்தனை சுத்து) கிரைண்டரோட ஆர்பிஎம்மைவிடக் குறைவா இருக்கக் கூடாது. ரெண்டு பக்கமும் காகித வாஷர் வேணும். நட்டை ஓவரா முறுக்கினா அந்த அழுத்தத்துலேயே கல் விரிசல் விடும். ஓட்டி முதல் ஒரு நிமிஷம் பக்கவாட்டுல தள்ளி நிக்கணும், பக்கத்துல யாரையும் நிக்கவிடக் கூடாது. அலுமினியத்தைச் சாதாரண கல்லுல தேய்க்கக் கூடாது. துளையெல்லாம் அடைச்சுக்கிட்டுக் கல் சூடாகும். துணிக் கையுறையோட தேய்க்கிறது எல்லாத்தையும்விட மோசம். தோல் கிழியறதோட நிக்க வேண்டிய இடத்துல கையையே இழுத்துக்கும். சின்னத் துண்டை வைஸ் கிரிப்ல (பூட்டிப் பிடிக்கிற குறடு) பிடிக்கணும். இத்தனையும் ஆளோட கையிலதான் இருக்கு.

செங்கதிர்:
நீங்கள் சொன்ன ஒவ்வொன்றும் சரி. பலகையில் எழுத வேண்டியதே அதுதான். "கவனமே கவசம்" என்று படித்த ஒருவருக்கு வைஸ் கிரிப்பைத் தேடத் தோன்றாது.

ஆனால் கேட்கிறேன்: கல்லை வாங்குகிறவர் யார்? தட்டிப் பார்க்கும் பத்து நிமிடத்துக்குக் கூலி உண்டா, இல்லை பீஸ் கணக்கில் அது அவருக்கு நட்டமா? டூல் ரெஸ்ட் போல்ட்டுக்குச் சரியான ஸ்பேனர் கிரைண்டர் பக்கத்தில் தொங்குகிறதா? முகக் கவசத்தை ஆளே வாங்க வேண்டும் என்று சொல்லும் இடங்கள் இருக்கின்றன. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 155-ஆவது உடன்படிக்கை 1981-இல் வந்தது. பாதுகாப்பு ஏற்பாடுகளுக்கான செலவு தொழிலாளி தலையில் விழக் கூடாது என்கிறது அதன் 21-ஆவது பிரிவு. உயிருக்கோ உடல்நலத்துக்கோ கடும் ஆபத்து உடனடியாக இருப்பதாக நம்ப நியாயமான காரணமிருந்து ஒருவர் வேலையை விட்டு விலகினால், அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது 13-ஆவது பிரிவு. எல்லா நாடுகளும் அதை ஏற்கவில்லை என்பது உண்மை. ஆனாலும் "இந்தக் கல் செத்த சத்தம் போடுகிறது, ஓட்ட மாட்டேன்" என்று சொல்ல ஒருவருக்கு உரிமை இருக்கிறது என்று தெரியாவிட்டால், நீங்கள் கற்றுக்கொடுத்த தட்டிப் பார்க்கும் வேலையால் என்ன பயன்?

அவசரப்பிரிவு_நர்ஸ்:
இரண்டு பேரும் விபத்துக்கு முன்னாலும் பின்னாலும் பேசிவிட்டீர்கள். நடுவில் பத்து நிமிடம் இருக்கிறது.

விரல் துண்டானால் முதலில் இயந்திரத்தை அணையுங்கள். காயத்தின் மேல் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்து, கையை மேலே தூக்குங்கள். துண்டான விரலைச் சுத்தமான தண்ணீரிலோ சலைனிலோ லேசாக அலசுங்கள், தேய்க்க வேண்டாம். சலைனில் நனைத்துப் பிழிந்த காஸ் துணியில் சுற்றிப் பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக மூடுங்கள். அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீருள்ள இன்னொரு பையில் வையுங்கள். விரலை நேரடியாக ஐஸில் போட்டுக்கொண்டு வருகிறார்கள். அப்போது திசு உறைந்து, ஒட்ட முடியாமல் போகிறது.

கண்ணில் துணுக்கு குத்தியிருந்தால் பிடுங்கவே கூடாது, தேய்க்கவும் கூடாது. கண்ணை அழுத்தாமல் ஒரு காகிதக் குவளையை மேலே கவிழ்த்து ஒட்டி, அப்படியே கூட்டிக்கொண்டு வாருங்கள்.

இன்னொன்று. கூட வருகிறவர் "வீட்டில் விழுந்துவிட்டார்" என்று சொல்லுவார், நாங்களும் அப்படியே பதிவோம். எந்த இயந்திரம், எந்த நேரம், என்ன செய்துகொண்டிருந்தபோது என்று உள்ளதைச் சொல்லுங்கள். முதல் பதிவில் எழுதியதைப் பிறகு மாற்றுவது மிகக் கடினம்.

பட்டறைத்தம்பி:
விரல், கண் விஷயம் கட்டாயம் பலகையில வரும். நன்றி சிஸ்டர்.

இழப்பீட்டுல மட்டும் இன்னும் உடன்பாடில்லை. ரெண்டு ஆள் வச்சிருக்கிற பட்டறையில ஒரே ஒரு கேஸ் வந்தா ஷட்டர் போட வேண்டியதுதான். முதலாளி ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்து, கையில கொஞ்சம் வச்சு, பேசி முடிச்சுக்கிறது ரெண்டு பக்கத்துக்கும் நல்லது. அதுவும் தப்பு ஆள் மேல இருந்தா எதுக்குக் கொடுக்கணும்?

செங்கதிர்:
யார் மேல் தப்பு என்று பார்க்காமல் கொடுப்பதற்காகத்தான் இந்த ஏற்பாடே வந்தது. ஜெர்மனியில் 1884-லேயே வேலை விபத்துக் காப்பீட்டைக் கட்டாயமாக்கினார்கள். முதலாளிகள் சேர்ந்து சந்தா கட்டுவார்கள், அடிபட்டவர் வழக்காடாமல் பெறுவார். உங்கள் இரண்டு ஆள் பட்டறை ஒரே விபத்தில் மூடாமல் இருக்கவும் அதுதான் வழி. காப்பீடு எடுக்காமல் விட்டுவிட்டு, அதன் சுமையை விரல் போனவர் மேல் வைப்பது நியாயமில்லை.

"பேசி முடிப்பது" எப்போது நடக்கிறது என்று பாருங்கள். மூன்றாம் நாள், கட்டுப் பிரிக்கும் முன். தசைநாண் அறுந்த விரல் எவ்வளவு மடங்கும் என்பது பல மாதம் கழித்துத்தான் தெரியும். அதற்கு முன் "முழுதும் பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்துப் போட்டால், பிறகு மடங்காத விரலுக்குக் கேட்கும் வழி அடைபடக்கூடும். முதலாளி மனமுவந்து கொடுக்கட்டும், நல்லது. ரசீதில் "சிகிச்சைச் செலவுக்காக" என்று மட்டும் இருக்கட்டும். வெற்றுத்தாளில் கையெழுத்து வேண்டவே வேண்டாம்.

அன்றைக்கே செய்ய வேண்டியதும் இருக்கிறது. உடைந்த கல்லின் துண்டுகளைப் பெருக்கிக் கொட்டிவிடாமல் எடுத்து வையுங்கள். லேபிள் உள்ள துண்டு முக்கியம், ஆர்பிஎம் அதில்தான் இருக்கும். டூல் ரெஸ்டைச் சரிசெய்வதற்கு முன், இடைவெளியில் ஸ்கேலை வைத்துப் படம் எடுங்கள். நடந்ததைத் தேதியோடு எழுத்தில் கொடுத்து, நகலில் பெற்றதற்குக் கையெழுத்து வாங்குங்கள். முறையிடுவதற்கான கெடு நாட்டுக்கு நாடு மாறும், சில இடங்களில் மிகக் குறுகியது. குணமான பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போட வேண்டாம்.

பட்டறைத்தம்பி:
சரி, "பொறுப்பல்ல" வரி போயிடுச்சு. படத்தோட 3 மில்லிமீட்டர், 6 மில்லிமீட்டர் மேலே பெருசா வரும். 3 மில்லிமீட்டர் தகடு ஒண்ணைச் சங்கிலியில கட்டிக் கிரைண்டர் பக்கத்துலேயே தொங்கவிடலாம். பிளக்கைப் பிடுங்கி, கல் நின்ன பிறகு இடைவெளியில விட்டுப் பார்க்கணும். தாராளமா நுழைஞ்சா ரெஸ்டை நகர்த்தி, போல்ட்டை முறுக்கி, கல்லைக் கையால ஒரு சுத்து சுத்திப் பார்த்துட்டு ஓட்டலாம். "செத்த சத்தம் வந்தால் ஓட்டாதே, யார் சொன்னாலும்"னு ஒரு வரியும் சேர்க்கறேன். ரசீது, கெடு விஷயமெல்லாம் தனித் தாள்ல இருக்கட்டும். கிரைண்டர் முன்னால அவ்வளவு படிக்க முடியாது.

செங்கதிர்:
தனித்தாள் சரி. ஆனால் அது முதலாளியின் மேசை அறைக்குள் இருக்கக் கூடாது. வேலைக்குச் சேரும் நாளிலேயே ஆளின் கையில் கொடுங்கள். காப்பீட்டு எண்ணும் அதில் இருக்க வேண்டும்.

பட்டறைத்தம்பி:
எண்ணைக் கொடுக்க எல்லா முதலாளியும் ஒத்துக்க மாட்டாங்க. அதுல எனக்கும் இன்னும் தயக்கம்தான்.

அவசரப்பிரிவு_நர்ஸ்:
அதை நீங்கள் பேசி முடிவு செய்யுங்கள். பலகைக்குக் கீழே ஒரு பெட்டி வைக்க இடம் விடுங்கள்: சலைன் பாட்டில் இரண்டு, காஸ் துணி, இறுக மூடும் பிளாஸ்டிக் பை சிறியதும் பெரியதுமாக, காகிதக் குவளை, ஒட்டுப் பட்டை. பெட்டியைப் பூட்ட வேண்டாம். ஐஸ் எங்கே கிடைக்கும் என்று மூடியின் மேல் எழுதி வையுங்கள்.