தள்ளுபடி கொடுத்ததால் சரக்கு நிறுத்தம்: போட்டி ஆணையத்துக்குப் போகலாமா?

வாஷிங் மெஷின் டீலர் நான். 7 கிலோ ஃப்ரண்ட் லோடை கம்பெனி சொன்ன ரேட்டுக்குக் கீழே, என் மார்ஜினில் விட்டுக்கொடுத்து விற்றேன். எம்ஆர்பிக்குக் கீழே விற்பது தப்பே இல்லை. ஆனாலும் மூன்று வாரமாகச் சரக்கு வரவில்லை. "ரேட்டை ஏத்துங்க, லோடு வரும்" என்று ஏரியா மேனேஜர் போனில் மட்டும்தான் சொல்கிறார். எழுத்தில் ஒரு வரி தரமாட்டார், விவரமான ஆள்.

இரண்டு மெயில் போட்டேன், பதில் இல்லை. டிஸ்ட்ரிபியூட்டர் கையை விரித்துவிட்டார். ஒப்பந்தத்தில் தள்ளுபடி பற்றிப் பேச்சே இல்லை.

போட்டிச் சட்டம் 2002, பிரிவு 3(4) மறுவிற்பனை விலைக் கட்டுப்பாட்டை, அதாவது டீலர் எந்த ரேட்டுக்கு விற்க வேண்டும் என்று கம்பெனி கட்டுப்படுத்துவதைச் சொல்கிறது. 2021-இல் டீலர் தள்ளுபடியைக் கட்டுப்படுத்தியதற்காக மாருதி சுசூகிக்கு இந்தியப் போட்டி ஆணையம் (CCI) 200 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. ஆனால் சந்தைப் போட்டிக்கே கணிசமான பாதிப்பு என்று காட்ட வேண்டும், அங்கேதான் இடிக்கிறது.

கையில் இருப்பது ஒரு கால் ரெக்கார்டிங் மட்டுமே. இதை வைத்து ஆணையத்தில் மனு போட்டால் எடுபடுமா?