1988-இல் டனோன் ஏது? (மன்னை மைனருக்கு மறுப்பு)

வெண்ணாற்றங்கரை: மன்னை மைனர் நேற்று இப்படி எழுதியிருந்தார்: "பன்னாட்டுக் கம்பெனித் தொழிலாளிக்கு வெளிநாட்டுச் சங்கம் துணை நிற்கும் என்பதெல்லாம் மாநாட்டு டீயோடு சரி." படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. உணவுத் தொழிலாளர்களின் சர்வதேச அமைப்பு ஐ.யூ.எஃப்., தலைமையகம் ஜெனிவா. அது 1988-லேயே பிரெஞ்சு உணவுக் கம்பெனி டனோனோடு உடன்பாடு கண்டது. பன்னாட்டுக் கம்பெனியும் சர்வதேசச் சங்கமும் போட்ட உடன்பாடுகளில் அதுதான் முதல்.

குடந்தை கணக்கர்: 1988-இல் டனோன் ஏது? அப்போது குழுமத்தின் பெயர் பி.எஸ்.என். டனோன் என்று மாறியது 1994-இல்.

வெண்ணாற்றங்கரை: தயிர் டப்பாவில் அப்போதே டனோன்தான் ஐயா.

குடந்தை கணக்கர்: கையெழுத்துப் போட்டது டப்பாவா? பெயரே தெரியாமல் வாதாட வந்துவிடுகிறார்கள்.

மன்னை மைனர்: எந்தப் பெயரோ இருக்கட்டும். அதே டனோன் 2001-இல் பிரான்ஸில் பிஸ்கட் ஆலைகளை மூடியதே, உங்கள் உடன்பாடு தடுத்ததா? அக்கா மகன் சென்னை பக்கம் ஒரகடத்து ஆலையில் கான்ட்ராக்ட் தொழிலாளி. பெர்மனென்ட் ஆட்களின் டேக் வேறு கலர், இவன் டேக் வேறு கலர். ஒரே லைன், ஒரே வேலை. பக்கத்தில் நிற்கிற சங்கமே இவனைச் சேர்க்கவில்லை, ஜெனிவா சேர்க்குமா?

குடந்தை கணக்கர்: 2001-இல் டனோன் என்பது சரி. 1988-இல் தப்பு.

பொன்மலைப் பேரன்: வெளிநாட்டு முதலாளி நமக்கென்ன புதுசா? தென்னிந்திய ரயில்வேயே லண்டன் கம்பெனிதான். 1928-இல் ஆள்குறைப்பை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்த மண், திருச்சியில் ரயில்வே ஒர்க்‌ஷாப் இருக்கிற எங்கள் பொன்மலை.

நாகைக்காரன்: உங்கள் பொன்மலையா? அந்த ஒர்க்‌ஷாப்பே எங்கள் நாகப்பட்டினத்திலிருந்து தூக்கிக்கொண்டு போனது. ஊரே வெறிச்சோடிப் போச்சு. இதில் பெருமை வேறு!

வெண்ணாற்றங்கரை: அண்ணன்மாரே, விஷயத்துக்கு வாருங்கள். 2022 திண்டுக்கல் ஒப்பந்தம் தெரியுமா? துணி ஆலைப் பெண் தொழிலாளர்கள் மீதான பாலியல் கொடுமையைத் தடுக்க நம் ஊர்ச் சங்கமும் ஆசிய, அமெரிக்க அமைப்புகளும் சேர்ந்து போட்டது. ஸ்வீடனின் துணிக் கம்பெனி எச் அண்ட் எம்மே அதற்குக் கட்டுப்பட்டுக் கையெழுத்துப் போட்டது.

மன்னை மைனர்: ஒரே ஒரு ஒப்பந்தத்தைக் காட்டிக்கொண்டு எத்தனை நாள் ஓட்டுவீர்கள்? திண்டுக்கல் என்ன டெல்டாவா?

குடந்தை கணக்கர்: ஐரோப்பியத் தொழிலாளர் குழுச் சட்டம் வந்ததும் 1994-தான். ஒரு கம்பெனிக்கு ஐரோப்பாவுக்குள் 1000 பேர், இரண்டு நாடுகளிலாவது தலா 150 பேர் இருந்தால்தான், நிர்வாகத்தோடு கலந்து பேசும் அந்தக் குழுவைத் தொழிலாளர்கள் கேட்க முடியும். ஒரகடத்து ஆள் அந்தக் கணக்கிலேயே வரமாட்டான். வெண்ணாற்றங்கரை இதையும் 1988 என்பார்.

வெண்ணாற்றங்கரை: போன பொங்கல் நீர்ப்பங்கீட்டு விவாதத்திலும் இப்படித்தான் ஒரு தேதியைப் பிடித்துக்கொண்டு தொங்கினீர்கள். இன்னுமா அந்தக் கோபம்?

குடந்தை கணக்கர்: அங்கேயும் தேதியை நீங்கள்தான் தப்பாகப் போட்டீர்கள். லிங்க் வேண்டுமா?

பொன்மலைப் பேரன்: நாகைக்காரருக்கு ஒன்று சொல்கிறேன். ஒர்க்‌ஷாப்பை மாற்றியது லண்டன் கம்பெனி, நாங்கள் இல்லை.

நாகைக்காரன்: வேலைக்குப் போய் நின்றது யார்?